முதல்ல ரெண்டு திரை, அப்புறம் பதினாலு
டிஜிட்டல் அறிவிப்புத் திரை பைலட்டில் நாங்கள் கற்ற பாடம்



இன்டர்னல் தேர்வின் இரண்டாம் நாள். காலை 9.20 மணி. முதலாமாண்டு பிளாக் மாடிப்படிக்குப் பக்கத்தில் நாங்கள் மாட்டியிருந்த 43 இன்ச் திரையில் "இன்றைய தேர்வு: ஹால் விவரம்" என்று பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜூனியர் பொண்ணு அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாடிக்கு ஓடினாள். அங்கே எந்த பெஞ்சிலும் அவள் நம்பர் இல்லை. மேற்பார்வைக்கு வந்த மேடம் ஆபீஸுக்குப் போய்க் கேட்கச் சொன்னார்கள். ஆபீஸில் கூட்டம். சரியான ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 9.55. ஒன்றரை மணி நேரத் தேர்வில் 25 நிமிஷம் காலி.

திரையில் ஓடியது முந்தின நாள் பட்டியல்.

இதில் வேடிக்கை என்னன்னா, திரை கெட்டுப்போகவே இல்லை. கறுப்பாக நின்றிருந்தால் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். அது நன்றாக, தெளிவாக, அழகான ஃபான்ட்டில் தப்பான தகவலைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாட்டினது நாங்க. அதனால தப்பும் எங்களுடையதுதான்.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இதுதான்: கல்லூரி முழுக்க 14 டிஜிட்டல் அறிவிப்புத் திரைகள். அந்தக் காலையில் ஓடிக்கொண்டிருந்தது அதில் 2 மட்டும். 14ம் ஓடியிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள் என்று இன்னும் அப்பப்போ யோசிப்பேன். டெஸ்ட் என்றால் என்ன, பைலட் என்றால் என்ன, பைலட்டில் எதைப் பார்க்கணும் என்று அந்த 2 திரைகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்காட்சிக்கோ, ஹாஸ்டலுக்கோ, சொந்த ஊர்க் கடைக்கோ இது மாதிரி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும்.

நம்ம சிஸ்டம் என்ன?

முதலில் அடிப்படை. ஒரு டிஜிட்டல் திரை அமைப்பில் நான்கு பாகம் இருக்கும்.

1. திரை. டிவியோ மானிட்டரோ. நாங்கள் எடுத்தது சாதாரண ஃபுல் ஹெச்டி டிவி.
2. பிளேயர். திரைக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் கணினி. எங்களுடையது ராஸ்பெர்ரி பை 4. அதில் குரோமியம் பிரவுசர் முழுத்திரையில் ஓடும்.
3. சர்வர். யார், எந்தத் திரையில், எப்போதிலிருந்து எப்போது வரை, எதைக் காட்டணும் என்று பதிவேற்றும் இடம்.
4. நெட்வொர்க். சர்வரையும் பிளேயரையும் இணைப்பது. எங்களுக்கு கேம்பஸ் வைஃபை.

இதோடு ஒரு ஐந்தாவது பாகமும் உண்டு. எந்த பிளாக் டயகிராமிலும் அதை வரைய மாட்டோம். அதுதான் ஆட்கள்: பட்டியலை டைப் செய்கிற ஆபீஸ் அக்கா, சாயங்காலம் சுவிட்சை அணைக்கிற வாட்ச்மேன் அண்ணா, படியில் ஏறிக்கொண்டே திரையைப் பார்க்கிற மாணவர்கள். எங்கள் பைலட்டில் வந்த பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இந்த ஐந்தாவது பாகத்திலிருந்துதான் கிளம்பின.

டெஸ்ட் வேறு, பைலட் வேறு

நாங்க டெஸ்ட் பண்ணாம ஒன்னும் மாட்டலை. லேபில் மேஜைமேல் வைத்து 72 மணி நேரம் தொடர்ந்து ஓட்டினோம். வீடியோ, படம், பிடிஎஃப் எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டோம். ராஸ்பெர்ரி பை 4 சுமார் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் வெப்பத்தை அளந்தோம். ஹீட் சிங்க் போட்ட பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. லேன் கேபிளைப் பிடுங்கினோம். கடைசியாக வாங்கி வைத்ததைத் தொடர்ந்து காட்டியது. "சூப்பர்டா, நெட் போனாலும் ஓடுது!" என்று கைதட்டினோம். பின்னாடி எங்களைக் கவிழ்த்தது அதே வசதிதான். அதற்கு வருகிறேன்.

லேப் டெஸ்டில் கேள்வி கேட்பது நாம். இயந்திரம் பதில் சொல்லும். நமக்குத் தோன்றாத கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். பைலட்டில் கேள்வி கேட்பது இடமும் மனிதர்களும். அங்கே வரும் கேள்விகள் நம் டெஸ்ட் கேஸ் ஷீட்டில் இருக்காது. எங்கள் ஷீட்டில் 40 வரிகள் இருந்தன. "வாட்ச்மேன் அண்ணா மெயினை ஆஃப் செய்கிறார்" என்று ஒரு வரி கூட இல்லை.

ஆகவே இரண்டும் வேண்டும், இந்த வரிசையில் வேண்டும். லேபில் பிடிக்க முடிகிற தப்பை பைலட்டுக்குக் கொண்டுபோனால் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். பைலட்டில்தான் பிடிபடும் தப்பை முழு அமைப்புக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதல் பத்தியிலேயே சொன்னேன்.

எந்த இடத்தில் மாட்டுவது?

முதல் திரையை எங்கே மாட்டலாம் என்றபோது எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, அட்மின் பிளாக் வரவேற்பறை. ஏசி உண்டு. யுபிஎஸ் உண்டு. வைஃபை ரவுட்டர் தலைக்கு மேலேயே இருக்கு. விருந்தினர்கள் பார்ப்பார்கள். ஒரு வாரம் ஓடியது. ஒரு பிரச்சினையும் இல்லை. ஹெச்ஓடி சாருக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றது பூஜ்யம். அந்த அறை பெரிய சைஸ் லேப், அவ்வளவுதான்.

பைலட்டுக்கு எடுக்க வேண்டியது இருப்பதிலேயே மோசமான இடம். வெயில் அடிக்கும், தூசி வரும், சிக்னல் வீக், கரண்ட் போகும், ஆட்கள் நிற்காமல் ஓடும் இடம். எங்கள் கல்லூரியில் அது முதலாமாண்டு பிளாக் மாடிப்படி. இரண்டாவது திரையை அங்கே மாட்டினோம். ஒரு நல்ல இடம், ஒரு மோசமான இடம் என்று ஜோடியாக இருந்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஒரே பிரச்சினை இரண்டிலும் வந்தால் சாஃப்ட்வேர் பக்கம் தேடலாம். மோசமான இடத்தில் மட்டும் வந்தால் கரண்ட், நெட்வொர்க், வெளிச்சம் என்று இடத்தின் பக்கம் தேடலாம். பாதி டீபக்கிங் இதிலேயே முடிந்துவிடும்.

மாடிப்படி கேட்ட கேள்விகள்

முதல் கேள்வி, வெளிச்சம். காலை 9 முதல் 10.30 வரை எதிர் ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் திரையில் விழும். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு டிவிகள் பொதுவாக 250 முதல் 350 நிட் வரை இருக்கும். வீட்டு ஹாலுக்கு அது போதும், நேர் வெயிலுக்குப் போதாது. அதிக வெளிச்சமுள்ள கமர்ஷியல் திரை வாங்க எங்களிடம் காசு இல்லை. திரையைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். எலக்ட்ரீஷியன் அண்ணாவுக்கு ஒரு டீ செலவு. 14 இடத்திலும் சுவரைத் துளைத்த பிறகு தெரிந்திருந்தால்?

இரண்டாவது, எழுத்தின் அளவு. இந்தத் துறையில் ஒரு எளிய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஒரு இன்ச் எழுத்து உயரம். படியின் கீழிருந்து எங்கள் திரைக்கு 20 அடி. அப்படியானால் 2 இன்ச் வேண்டும். 43 இன்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 21 இன்ச், அதில் 1080 பிக்சல். அதாவது ஒரு இன்ச்சுக்கு 51 பிக்சல். 2 இன்ச் என்றால் 102 பிக்சல். இது எழுத்தின் உயரம், ஃபான்ட் சைஸ் கிடையாது. ஃபான்ட் சைஸில் மேலும் கீழும் விடும் இடைவெளியும் சேர்ந்திருக்கும். அதனால் அந்த எண்ணை நம்பாதீங்க, திரையில் ஸ்கேலை வைத்து அளங்க.

தமிழுக்கு இதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும். தூரத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். "தேர்வு" என்பது "தேரவு" ஆகிவிடும். ண, ன, ஞ போன்ற சுழி எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். லேபில் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து டிசைன் செய்தபோது இது எதுவும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

கணக்குப்படி ஒரு திரையில் 5, 6 வரிக்கு மேல் போட முடியாது. 60 பேர் பட்டியலை அப்படியே போடுவது வேலைக்கு ஆகாது. "001 முதல் 030 வரை: ஹால் 204" என்று சுருக்கினோம். இன்னொரு கணக்கு: 8 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 80 விநாடி. படியில் ஏறுகிறவர் 80 விநாடி நிற்க மாட்டார். தேர்வு நாளில் அந்தத் திரையில் தேர்வு மட்டும்தான் என்று முடிவு செய்தோம். பிறந்தநாள் வாழ்த்துக்கு வேற நாள் இருக்கு.

மூன்றாவது, தமிழ் எழுத்துரு. ஆபீஸ் அக்கா பல வருஷமாகப் பழைய டைப்ரைட்டர் விசை அமைப்பில், பழைய எழுத்துருவில் அடிக்கிறார்கள். அதில் பார்க்கத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துக் குறியீடு. அதை காப்பி செய்து எங்கள் சர்வரில் போட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பை ஓடியது. தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றாகிவிட்டது. ஆனால் அக்காவின் விரல்களுக்கு அந்த அரசாணை இன்னும் வந்து சேரவில்லை. "நீங்க யூனிகோடுக்கு மாறிடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வந்துட்டோம். அடுத்த நாள் அவங்க பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டிவிட்டார்கள். சரியான தீர்வு, அதே டைப்ரைட்டர் விசை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்க உதவும் மென்பொருளை அவங்க கணினியில் போட்டுக்கொடுத்ததுதான். விரல் மாறவில்லை, வெளியே வருவது மட்டும் மாறியது. பயன்படுத்துகிறவரை மாற்றுவதைவிடச் சிஸ்டத்தை மாற்றுவது சுலபம். இதை முதல் மாதமே யாராவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் காலையில் என்னதான் நடந்தது?

இப்போது முக்கியமான கதை. நாங்கள் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் காலாவதி நேரம் வைத்திருந்தோம். முதல் நாள் பட்டியல் அன்று இரவு 11.59க்குத் தானாக மறைந்துவிட வேண்டும். லேபில் இதைச் சோதித்தும் இருந்தோம். சரியாக மறைந்தது. பிறகு எப்படி மறுநாள் காலை 9.20க்கு அது ஓடியது? லாக் ஃபைலை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கோர்த்தோம்.

ஒன்று. முந்தின நாள் மாலை 5.45க்கு வாட்ச்மேன் அண்ணா வழக்கம்போல அந்தத் தளத்தின் மெயினை அணைத்தார். அது அவர் வேலை. பிளேயரும் அணைந்தது.

இரண்டு. அன்று இரவு 7 மணிக்கு அடுத்த நாள் பட்டியல் சர்வரில் ஏறியது. பிளேயர் தூக்கத்தில் இருந்ததால் அதை வாங்கவில்லை.

மூன்று. காலை 8.30க்கு கரண்ட் வந்தது. பிளேயர் எழுந்து வைஃபை லாகின் பக்கத்தில் நுழையப் பார்த்தது. அந்த லாகின் என் டீம்மேட்டுடையது. ஒரு ஐடிக்கு இரண்டு சாதனம்தான் அனுமதி. முந்தின இரவு அவன் ஹாஸ்டலில் போனிலும் லேப்டாப்பிலும் நுழைந்திருந்தான். மூன்றாவதாக வந்த பிளேயருக்குக் கதவு திறக்கவில்லை. மற்ற நாட்களில் திறந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நான்கு. இதுதான் உச்சம். ராஸ்பெர்ரி பை 4க்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. நேரத்தை நெட்டிலிருந்துதான் கேட்டு வாங்கும். நெட் இல்லையென்றால், அணைவதற்கு முன் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து தொடரும். ஆகவே காலை 9.20க்கு எங்கள் பிளேயரின் கணக்கில் அது முந்தின நாள் சாயங்காலம் சுமார் 6 மணி. இரவு 11.59 இன்னும் வரவே இல்லை. பட்டியல் செல்லும். காட்டு!

காலாவதி லாஜிக்கில் பிழை இல்லை. நெட் போனாலும் ஓடும் வசதியில் பிழை இல்லை. வாட்ச்மேன் அண்ணா மேலும் பிழை இல்லை. தனித்தனியாகச் சரியாக இருந்தவை சேர்ந்தபோது ஒரு பொய் பிறந்தது. லேபில் இது ஏன் வரவில்லை என்றால், அங்கே நாங்கள் நெட்டைப் பிடுங்கினோம், கரண்டையும் ஒருமுறை பிடுங்கினோம். இரண்டையும் சேர்த்துப் பிடுங்கி, ஒரு இரவு விட்டுப் பார்க்கவில்லை.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கு. அந்தத் திரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் ஆபீஸ் ஒட்டும் பேப்பர் எப்போதும் சரியாக இருக்கும். "டிஜிட்டல் வந்தாச்சு, இது எதுக்கு"ன்னு நாங்கதான் அதைக் கழற்றச் சொன்னோம். போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறதாம்.

அடுத்த நாள் அந்த ஜூனியரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் திட்டவில்லை. "அண்ணா, இன்றைய தேர்வுன்னு போட்டதுக்கு தேதியைப் போட்டிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேனே" என்றாள். மூன்று ரிவ்யூவில் எந்த எக்ஸாமினரும் சொல்லாத ஒரு வரி.

என்ன மாற்றினோம்?

• திரையில் "இன்று", "நாளை" என்ற சொற்களுக்குத் தடை. கிழமையும் தேதியும் மட்டும். ஸ்லைடு பழையதானாலும் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.
• ஒவ்வொரு பிளேயரிலும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல். சின்ன பட்டன் பேட்டரியில் ஓடும். சாதாரண வெப்பநிலையில் வருஷத்துக்கு ஒரு நிமிஷம் அளவுக்குத்தான் தவறும். பை 5இல் கடிகாரம் உள்ளேயே வருகிறது, ஆனால் பேட்டரியை நாம்தான் வாங்கி இணைக்கணும்.
• எழுந்ததும் நேரம் சரிதானா என்று உறுதியாகும் வரை, தேதி சார்ந்த எந்த ஸ்லைடும் வராது. சர்வரோடு பேசி அரை மணிக்கு மேல் ஆனாலும் வராது. அதற்குப் பதில் "தகவல் புதுப்பிக்கப்படவில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்க்கவும்" என்று வரும்.
• திரையின் கீழ் மூலையில் "கடைசியாகப் புதுப்பித்தது" என்று தேதி, நேரம்.
• யாருடைய தனிப்பட்ட லாகினும் கிடையாது. நெட்வொர்க் அட்மின் சாரிடம் கேட்டு, பிளேயர்களை நேரடியாகப் பதிவு செய்தோம். கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்பார்.
• பேப்பர் பலகை திரும்பச் சுவரேறியது.

ஒரு எச்சரிக்கை. ஒரு தீர்வு புதுப் பிரச்சினையைக் கூட்டிக்கொண்டு வரலாம். தினமும் மெயினை அணைத்ததில் ஒரு மெமரி கார்டு கெட்டுப்போனது. அதற்காக கார்டில் எதுவும் எழுதப்படாமல் பூட்டி வைக்கும் அமைப்பை இயக்கினோம். கார்டு பிழைத்தது. ஆனால் நேரத்தையும் அதனால் சேமிக்க முடியவில்லை. கடிகார மாட்யூல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு காலையும் பிளேயர் பூட்டிய நாளுக்கே திரும்பப் போயிருக்கும். அதனால் பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் பைலட் நாட்களை முதலிலிருந்து எண்ணுங்கள்.

"ஒன்னு தப்பாச்சு, அதுக்கு பதினாலையும் நிறுத்தணுமா?"

இது ஹெச்ஓடி சார் கேட்ட கேள்வி. இரண்டு வாரத்தில் சிம்போசியம். 14 திரைகளும் ஓடும் என்று அழைப்பிதழிலேயே போட்டாகிவிட்டது. எங்கள் நால்வருக்கும் கை நடுங்கியது. ப்ராஜெக்ட் மார்க் அவர் கையில்.

"சார், பதினாலு கார்டுலயும் இருக்கிறது ஒரே காப்பி சார். ஒன்னு பொய் சொன்னா பதினாலும் சேர்ந்து சொல்லும்" என்றோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எது நடந்தா ரெடின்னு சொல்லுவீங்க? அதை எழுதிக் கொண்டு வாங்க" என்றார். எழுதவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நல்லா ஓடினா ரெடி" என்று மனசில் வைத்திருந்தோம். "நல்லா" என்பதற்கு அளவுகோல் இல்லை. தேதி நெருங்க நெருங்க அது வளைந்துகொடுக்கும்.

அன்று இரவு ஒரு பக்கத்தில் எழுதினோம். தொடர்ந்து 20 வேலை நாட்கள் ஓட வேண்டும். அதற்குள் ஒரு விடுமுறை, ஒரு கரண்ட் கட், ஒரு நெட் கட், ஒரு தேர்வு நாள் கடந்திருக்க வேண்டும். பழைய தகவலை ஒரு முறை கூடப் புதிதுபோலக் காட்டக் கூடாது. இதில் சலுகை இல்லை. திரை கறுப்பானால், யாரும் ஏணி போட்டு ஏறாமல் 10 நிமிஷத்துக்குள் தானாக எழ வேண்டும். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஆபீஸ் அக்காவே ஒரு பட்டியலை ஏற்றி, திருத்தி, நீக்க வேண்டும். படியின் கீழே நிற்கும் ஐந்து பேரில் ஐந்து பேரும் தங்கள் ஹாலைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

கறுப்புத் திரைக்கு 10 நிமிஷம், பொய்த் திரைக்கு பூஜ்யம். இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் எங்கள் மொத்த ப்ராஜெக்ட்டும் இருக்கிறது.

சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சிம்போசியம் 2 திரையோடுதான் நடந்தது. அன்று மேடையில் அவர் முகத்தைப் பார்க்க நாங்கள் யாரும் முன்வரிசையில் உட்காரவில்லை.

ஏன் படிப்படியாக?

இது காலேஜ் பசங்க பிரச்சினை மட்டும்னு நினைச்சிடாதீங்க. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு சுமார் 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கோளாறான கோப்பை அந்த நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்ப எடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வகை அப்டேட்டுகளை முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று படிப்படியாக அனுப்பும் முறைக்கு அதன் பிறகுதான் மாறுகிறோம் என்றார்கள்.

எங்கள் திட்டமும் அப்படித்தான் ஆனது. 20 நாள் விதி நிறைவேறிய பிறகு 2இலிருந்து 5. அதில் ஒரு வாரம். பிறகு 14. ஐந்தாவது திரை கேன்டீனில். அங்கே புதுசாக ஒன்று வந்தது: மிக்ஸி ஓடும் ஒவ்வொரு முறையும் பிளேயர் ரீஸ்டார்ட். போனுக்கு வந்த பழைய சார்ஜரை யாரோ அதற்குச் சொருகியிருந்தார்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும். 14 இடத்திலும் சரியான சப்ளையை வைத்து, அதன்மேல் "கழற்ற வேண்டாம்" என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். தமிழில், யூனிகோடில்!

நீங்கள் செய்யும்போது

சுருக்கமாக என் பட்டியல்:

1. லேபில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடுங்கி, ஒரு இரவு விடுங்கள்.
2. பைலட்டுக்கு ஒரு நல்ல இடம், ஒரு மோசமான இடம்.
3. "எப்போது ரெடி" என்பதை ஆரம்பிக்கும் முன்னே எழுதி, பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் உங்களையே உங்களிடமிருந்து காப்பாற்றும்.
4. அந்த இடத்தில் தினமும் வேலை செய்கிறவர்களிடம் முதல் நாளே பேசுங்கள். வாட்ச்மேன் அண்ணாவிடம் முதலில்.
5. ஒரு மணி நேரம் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, பார்க்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். கண்ணைச் சுருக்குகிறார்களா? நின்று திரும்புகிறார்களா? போனில் போட்டோ எடுக்கிறார்களா? எடுத்தால், அதைப் படித்து முடிக்க நேரம் போதவில்லை என்று அர்த்தம்.
6. ஒவ்வொரு கோளாறையும் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். "நேத்து என்னமோ ஆச்சு" என்பது பக் ரிப்போர்ட் ஆகாது.
7. பைலட் முடியும் வரை பழைய முறையைக் கழற்றாதீர்கள். பேப்பர் ஒட்டும் பலகை அசிங்கமாக இருந்தாலும் இருக்கட்டும்.

இப்போது 14 திரைகளும் ஓடுகின்றன. மூன்றாமாண்டு ஜூனியர்களுக்கு இதை ஒப்படைக்கிறோம். கோடோடு அந்தக் கோளாறு நோட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் அந்தத் தேர்வு நாளின் லாக் பிரிண்ட் ஒட்டியிருக்கு. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருக்கோம்: "25 நிமிஷம்."

இதைப் படிக்கிற ஜூனியர்ஸ், உங்க ப்ராஜெக்ட்டுக்கு இது மாதிரி பைலட் போடணும்னா எங்களைக் கேளுங்க. மே மாதம் வரை இங்கதான் இருப்போம். மாடிப்படித் திரைக்குக் கீழே நின்னு பேசலாம், அங்க இப்போ வெயிலும் அடிக்காது.